சீருடை முதலா, வேலை முதலா?

கேள்வி: பரதராமிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. குடியாத்தத்தில் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு படிக்கிறேன். அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தப்பாவும் பட்டாளத்துக்காரர்தான். நான்கு வருடங்களுக்கு முன் எல்லையில் கண்ணிவெடி வெடித்து அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புனேயில் செயற்கைக் கால் பொருத்தி அனுப்பினார்கள். நன்றாகவே நடக்கிறார். ஆனால் தெருவில் இறங்குவதில்லை. முன்பு விடுப்பில் வரும்போதெல்லாம் இரண்டு மாட்டையும் அவரே கறப்பார். இப்போது கொட்டகைப் பக்கம்கூடப் போவதில்லை. அமெரிக்க ராணுவத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள், அதாவது அடிபட்டவர்களை அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்ய வைக்கிறவர்கள், அதிகாரிகளாக இருப்பதை ஒரு வீடியோவில் பார்த்தேன். நம் ராணுவத்தில் நானும் அப்படிச் சேர வேண்டும். என்ன படிக்க வேண்டும்? பிசியோதெரபி எடு என்கிறார் மாமா. அப்பாவோ நர்சிங் என்கிறார்.

அன்பு மகளே,

முறைப்படி உன்னை 'நீங்கள்' என்று எழுத வேண்டும். என் கடைசி மகளைவிட நீ இரண்டு வயது சின்னவள், வரவில்லை, மன்னித்துக்கொள்.

கசப்பான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ வீடியோவில் பார்த்தது போல, தோளில் நட்சத்திரம் வைத்த ஆக்குபேஷனல் தெரபி அதிகாரி என்ற பதவி இந்திய ராணுவத்தில் இல்லை. ராணுவ மருத்துவப் படைப்பிரிவு எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர்களை அதிகாரிகளாக எடுக்கிறது. பல் மருத்துவர்களுக்குத் தனிப் படைப்பிரிவு இருக்கிறது. செவிலியர்களுக்கு மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் இருக்கிறது. நானும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான்; நம் தொழிலுக்கு அப்படி ஒரு வாசல் திறக்கப்படவில்லை. ராணுவ மருத்துவ நிலையங்களில் நமக்கு இடம் வந்தால் அது சிவிலியன் பணியாகத்தான் வரும். சீருடை இல்லை, சல்யூட் இல்லை, அறிவிப்பும் அடிக்கடி வராது.

அமெரிக்கர்களுக்கும் இது சும்மா கிடைத்துவிடவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் எய்ட்' என்ற பெயரில் இளம் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் போர் மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். காயம்பட்ட சிப்பாய்களுக்கு நெசவும் மரவேலையும் கூடை முடைதலும் கற்றுக்கொடுத்து, அதன் வழியாகவே கையையும் மனத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அவர்கள் வேலை. போர்முனைக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்த அந்தப் பெண்களுக்கு ராணுவப் பதவி எதுவும் இல்லை. கணக்கில் அவர்கள் சிவிலியன்கள். 1947-ல்தான் அவர்களுக்கென்று தனிப் படைப்பிரிவும் நிரந்தர அதிகாரிப் பதவியும் வந்தன. இடையில் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று அந்த அதிகாரிப் பணியில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஆகவே அந்த வீடியோவைப் பார்த்து ஊக்கம் கொள், விண்ணப்பப் படிவத்தைத் தேடாதே.

1917-ல் நடந்த இரண்டு சங்கதிகளைச் சொல்கிறேன். அந்த ஆண்டு மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தில் சில பேர் கூடி ஆக்குபேஷனல் தெரபிக்கான முதல் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே 1917-ல் இங்கே, ஊனமுற்று வந்த இந்தியச் சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க குவீன் மேரிஸ் டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டது. புனேயை அடுத்த கிர்க்கியில் இன்றும் இருக்கிறது. நம் தொழிலின் பெயர் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே அதன் வேலை இங்கே வந்துவிட்டது. பெயர் வந்தது 1950-ல். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர் பம்பாயில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-ல் அகில இந்தியச் சங்கம் உருவானது.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பஸ் பிடிக்கிற அவசரத்தில் யாரும் நின்று படிப்பதில்லை. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது. மீதி 263 பேர் என்ன ஆனார்கள்? எத்தனை பேர் ஒரு கையோடு, எத்தனை பேர் பார்வை போய், எத்தனை பேர் ராத்திரியில் அலறிக்கொண்டு எழுந்திருக்கிறவர்களாகத் திரும்பி வந்தார்கள்? அதைக் கல்லில் வெட்டுவதில்லை. உன் சித்தப்பா அந்த வெட்டப்படாத கணக்கைச் சேர்ந்தவர்.

இனி மாமா சொன்னதற்கு வருகிறேன். பிசியோதெரபிக்கு வேலை அதிகம் என்பது உண்மைதான். முன்னாள் படைவீரர்களுக்காக 2003-ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்குகளில் பிசியோதெரபிஸ்டுகளை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கிறார்கள். நம் பெயரை அந்தப் பட்டியலில் தேட வேண்டியிருக்கிறது. ஊர்க்காரர்களுக்கும் பிசியோதெரபி என்ற பெயர்தான் தெரியும். என் முதல் நேர்காணலில், அது எந்த மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன், எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஆக்குபேஷனல் தெரபி என்பதை ஓ.டி. என்று சுருக்கியிருந்த என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "ஓ.டி. என்று போட்டிருக்கிறதே, எத்தனை ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்திருக்கிறாய் அம்மா?" என்று கேட்டார். இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயிற்று. அந்தக் கேள்வி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. தமிழிலும் 'தொழில்முறைச் சிகிச்சை' என்று எழுதி வைத்து, ஏதோ வேலைவாய்ப்பு அலுவலகம் போல ஆக்கிவிட்டார்கள். இங்கே தொழில் என்றால் சம்பளத்துக்குச் செய்வது மட்டும் அல்ல. பல் துலக்குவது, சோறு பிசைவது, கோலம் போடுவது, பேரனுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டுவது என்று ஒரு மனிதரின் நாளை நிரப்புகிற எல்லாமே தொழில்தான்.

வித்தியாசம் புரிவதற்கு எங்கள் கிளினிக்குக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பலமநேர் பக்கத்துக்காரர், ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வலது கை முழங்கைக்கு மேலே இல்லை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், கோபம் வந்தால் இந்தி. தோள் நன்றாக அசைந்தது, மீதிக் கையில் வலுவும் இருந்தது. அவரைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். உங்களுக்கு என்ன செய்ய முடியவில்லை என்று கேட்டேன். "எல்லாம் சம்சாரம் பார்த்துக்கொள்கிறாள்" என்றார், தரையைப் பார்த்தபடி. மனைவியைத் தனியாகக் கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "லுங்கி கட்ட முடியவில்லை அம்மா. ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட வேண்டும். அதனால் தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறார்" என்றாள்.

அன்று எங்கள் சிகிச்சை ஒரு குடியாத்தம் லுங்கியில் ஆரம்பித்தது. லுங்கி கட்டுவது இரண்டு கை வேலை. ஒரு கை மடிப்பைப் பிடித்திருக்கும், மற்றது இழுத்துச் செருகும். பிடிக்கிற கை இல்லை. அந்த வேலையை யார் செய்வது? சுவர் செய்தது. சுவரோடு வலது இடுப்பை ஒட்டி நின்று, லுங்கியின் ஒரு பக்கத்தை இடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் அழுத்திக்கொள்ள வேண்டும். இடது கையால் மறுபக்கத்தை இழுத்து, வயிற்றை எக்கி, மடித்து, உள்ளே செருக வேண்டும். முதல் நாள் ஏழு முறை நழுவியது. ஏழாவது முறை இந்தியில் ஒரு முழு வசவு வந்தது. அதுவரை ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். எனக்கு அந்த வசவு சங்கீதமாக இருந்தது. துணியையும் மாற்றினோம். வழவழப்பான பாலியஸ்டர் கலப்பு நிற்கவில்லை, கஞ்சி போட்ட கைத்தறி நின்றது. மூன்றாவது வாரம் தாமே கட்டிக்கொண்டு வந்து கதவருகே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் பார்க்காதது போல இருந்துவிட்டு, "தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு டம்ளர் குடித்தார்.

தோளை அசைய வைப்பது ஒரு வித்தை. அசைகிற தோளைக் கொண்டு ஒருவரை மானத்தோடு வாழ வைப்பது இன்னொரு வித்தை. முதலாவது உனக்குப் பிடித்தால் மாமா பேச்சைக் கேள், அதுவும் நல்ல படிப்புதான். லுங்கிக் கதையைப் படிக்கும்போது உனக்குக் கை பரபரத்தது என்றால் இந்தப் பக்கம் வா.

அப்பா சொன்னதையும் தள்ளிவிடாதே. உனக்கு முதலில் வேண்டியது சீருடைதான் என்றால் நர்சிங் நேரான வழி. ராணுவ நர்சிங் கல்லூரிகளில் நான்கு ஆண்டு பி.எஸ்சி. படித்து முடிக்கிற பெண்கள் லெப்டினன்ட்டாகப் பணியில் சேர்கிறார்கள். அந்தச் சேர்க்கைக்கு நீட் எழுத வேண்டும். இன்னொரு பாதை, எந்தப் பட்டம் பெற்ற பிறகும் சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு எழுதி, சென்னை பரங்கிமலையில் பயிற்சி பெற்று ராணுவ அதிகாரியாவது. ஆக்குபேஷனல் தெரபி படித்துவிட்டும் அதை எழுதலாம். ஆனால் அங்கே உன்னைத் தெரபிஸ்டாக எடுக்க மாட்டார்கள். வேறு பிரிவில் வேறு வேலை தருவார்கள். ஆக, ஒரு நாள் இரவு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உன்னையே கேட்டுப் பார்: கண்ணை மூடினால் வருவது சீருடையா, சித்தப்பாவா? இரண்டில் எது வந்தாலும் தப்பில்லை. எது என்று தெரியாமல் கல்லூரியில் பணம் கட்டுவதுதான் தப்பு.

இந்தப் படிப்பைத்தான் எடுக்கிறாய் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். பட்டத்தின் பெயர் பி.ஓ.டி., அதாவது பேச்சலர் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி. இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நாங்கள் படித்தது நான்கரை ஆண்டு. உன் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் வேலூர் சி.எம்.சி.யிலேயே இருக்கிறது. சென்னை முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனத்திலும், கோவையிலும் இருக்கிறது. 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசியச் சட்டம் வந்தபின் பாடத்திட்டமும் படிப்புக் காலமும் சேர்க்கை விதிகளும் மாறிக்கொண்டு வருகின்றன. போன வருஷம் சேர்ந்த அக்கா சொன்னாள் என்று எதையும் முடிவு செய்யாதே. நீ சேர்கிற ஆண்டின் தகவல் குறிப்பேட்டை வாங்கி வரி வரியாகப் படி. எதற்கும் நீட் எழுதி வைத்துவிடு. நர்சிங்குக்கும் அது உதவும்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வீடு ஒரு மாநிலம், பள்ளி ஒரு மாநிலம், ரேஷன் அட்டை ஒரு மாநிலம் என்று நம் பக்கத்தில் பல குடும்பங்கள் இருக்கின்றன. கலந்தாய்வு நேரத்தில் பிறப்பிடச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் காத்துக் கிடந்து இடத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைகளை நான் அறிவேன். நீ ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தாய் என்பதற்கான சான்றிதழ்களை இப்போதே ஒரு கோப்பில் போட்டு வை.

பணத்துக்கு வழி இருக்கிறது. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் தொழிற்கல்வி படிக்கப் பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய். பிளஸ் டூவில் 60 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு வேலூரில் இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருமுறை போய், நீ சேரப் போகிற படிப்பு பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு வா. இதற்கு அப்பாவே வர வேண்டும். வெட்கப்படாமல் வரச் சொல். பட்டாளத்துக்காரர்கள் உரிமையைக் கேட்கிற இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள், எனக்குத் தெரியும்.

படித்த பிறகு ராணுவக் குடும்பங்களோடுதான் வேலை என்று உறுதியாக இருந்தால், ராணுவ மனைவியர் நலச் சங்கம் நடத்துகிற ஆஷா பள்ளிகள் பல கன்டோன்மென்ட்களில் இருக்கின்றன. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளோடு அங்கே வேலை. கடற்படைக்கு சங்கல்ப் என்ற பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலேயே மாற்றுத்திறனாளிகளுக்காக அரசு திறந்துவரும் 'விழுதுகள்' மையங்களில் நம் ஆட்களுக்கும் இடம் இருக்கிறது. நிரந்தர வேலையா, பென்ஷன் உண்டா என்று மாமா கேட்பார். பல இடங்களில் இல்லை. அதை மறைத்து உன்னைச் சேர்க்க எனக்கு விருப்பம் இல்லை.

புனேக்குப் போகிற வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு இடங்களைப் பார்த்து வா. ஒன்று, 1944-ல் தொடங்கிய செயற்கை அவயவ மையம். சித்தப்பாவுக்குக் கால் பொருத்தியது அநேகமாக அங்கேதான். இன்னொன்று, தண்டுவடம் அடிபட்ட படைவீரர்கள் தங்கி வாழ்கிற கிர்க்கி மையம். 1965 போரில் குண்டடி பட்ட முரளிகாந்த் பேட்கர் என்ற சிப்பாய் 1972-ல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கினாரே, இந்தியாவுக்கு வந்த முதல் பாராலிம்பிக் தங்கம் அது. அவர் பதக்கம் வாங்கியதை எல்லாரும் சொல்கிறார்கள். அடிபட்ட உடம்பை முதல் நாள் தண்ணீரில் இறக்கத் துணிச்சல் கொடுத்தவர்களை நான் நினைத்துக்கொள்கிறேன்.

புனே வரை போகாமலே பார்க்கக்கூடியது ஒன்றும் இருக்கிறது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் புனர்வாழ்வு நிலையம். அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் பயிற்சி பெற்று வந்தார். அந்த ரஸ்க் யார் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்க விமானப்படை வீரர்களை மறுபடி வாழ்க்கைக்குத் திருப்புகிற திட்டத்தை நடத்தியவர். போர்க்களத்தில் பிறந்த அந்த அறிவு நியூயார்க் வழியாக வேலூருக்கு வந்து, 1966-ல் பாகாயத்தில் கட்டடமாக எழுந்தது. வேப்ப மரத்திலிருந்து விழுந்த கூலிக்காரருக்கும் பைக்கில் அடிபட்ட சித்தூர்ப் பையனுக்கும் அது இன்று பயன்படுகிறது. நீ ராணுவத்துக்குள் போக முடியாவிட்டாலும், ராணுவத்திலிருந்து வந்த படிப்பைத்தான் படிக்கப் போகிறாய்.

ஊரில் உனக்கு நோயாளிகள் கிடைப்பார்களா என்ற கவலையே வேண்டாம். கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளம். அவர்களுக்கெல்லாம் வயதாகிறது. குண்டுக்குத் தப்பியவருக்குச் சர்க்கரையில் விரல் போகிறது, பக்கவாதத்தில் கை விழுகிறது. தெலுங்கு நன்றாகப் பேசக் கற்றுக்கொள். 'எடம செய்யி' என்றால் இடது கை என்று புரிந்தால் போதாது. வலியை, வெட்கத்தை, மனைவி மேல் இருக்கிற கோபத்தை அவர்கள் வீட்டுப் பேச்சில் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக உன் சித்தப்பா. கடிதத்தில் நீ கேட்காமல் கேட்டிருப்பது இதைத்தான். மாடு கறக்கக் குந்தி உட்கார வேண்டும், சொம்பை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டும். செயற்கைப் பாதம் நம் கணுக்கால் போல மடங்காது. குந்தினால் செயற்கைக் காலின் கிண்ணம் முழங்காலுக்குப் பின்னால் போய்க் குத்தும். ஒருமுறை முயன்று, சாய்ந்து, யார் கண்ணிலாவது பட்டிருப்பார். அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் போகாமல் இருந்திருப்பார். என் ஊகம்தான், ஆனால் இதே கதையை வேறு வேறு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில் அகலமான முக்காலி வேண்டும், கால் வழுக்காமல் தரையில் சாக்கு வேண்டும், சொம்பை வைக்க ஒரு கட்டை வேண்டும். இடது காலை முன்னே நீட்டிக்கொண்டு உட்காரலாம். மாடு உதைக்க வந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்பதைக் புதிதாகக் கன்று ஈன்ற மாட்டோடு பழகாமல், சாதுவான மாட்டோடு முதலில் பழக வேண்டும். இதையெல்லாம் நீயாக அவரிடம் போய்ச் சொல்லாதே. வீட்டுச் சின்னப் பெண் சொன்னால் எந்தப் பட்டாளத்துக்காரரும் கேட்க மாட்டார்.

வியாழக்கிழமை காலையில் காட்பாடியில் எங்கள் கிளினிக்குக்கு அவரை அழைத்து வா. உனக்குக் கல்லூரி பற்றிக் கேட்க வேண்டும், துணைக்கு வாருங்கள் என்று சொல்லி அழைத்து வா. கொட்டகையை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள், தரை எங்கே சரிவு என்று தெரிகிற மாதிரி. அவர் கறக்கிற பழைய சொம்பு வீட்டில் இருந்தால், பையில் போட்டு அதையும் எடுத்து வா.